பனிக்கன்னியான சிவன்: ஜப்பானிய ஆட்டங்களும் நம் பிள்ளைகளும்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் செய்யுள் பாடம். விளக்கத்தினிடையே சிவபெருமானின் பெயர் வந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, சிவா பெண்தானே? நீல நிறத்தில் இருப்பாள். பனியை வீசி எதிரிகளை உறைய வைப்பாள்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனைக் கடிந்து அமரச் செய்தேன்.

அவனுடைய பயிற்சி நூலுக்குள் ஒரு தாள் இருந்தது. ஜப்பானிய எழுத்துகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதன் ஒலியைத் தமிழில் குறித்திருந்தான். ஓரத்தில் 'இச்சி, நி, சான்' என ஒன்று, இரண்டு, மூன்று. அந்தத் தாளையும் பறித்துக்கொண்டேன்.

அன்று நான் இரண்டு உண்மைகளை மறைத்தேன். அவன் எந்தச் சிவாவைச் சொன்னான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நானும் பல்லாண்டுகளாக ஜப்பானியக் கதை ஆட்டங்களை ஆடி வருபவன்தான். இது முதலாவது. எனக்குச் சினமூட்டியவர் உண்மையில் அம்மாணவன் அல்லன், என் தாத்தா என்பது இரண்டாவது.

தாத்தா குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். 1942 சனவரி இறுதியில் ஜொகூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. அதன்பின் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை போட ஜப்பானியப் படை முனைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் பசிக்கும் வாந்திபேதிக்கும் மலைக்காய்ச்சலுக்கும் அவர்களில் பெருந்தொகையினர் பலியாயினர். உயிரோடு திரும்பியவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். அவர் அறிந்த ஜப்பானிய மொழி, விடியலில் ஆள் கணக்கெடுக்கும்போது சொல்ல வேண்டிய எண்கள் மட்டுமே. எங்கள் வீட்டில் அவற்றை விளையாட்டுக்காகக்கூட எவரும் உச்சரித்ததில்லை.

இவற்றுள் எதையும் சொல்லாமல் அம்மாணவனின் தாளைப் பறித்தது என் பிழை. அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

இரவல் வாங்கிய வடிவம்

இவ்வகைக் கதை ஆட்டங்கள் ஜப்பானில் முளைத்தவை அல்ல. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகிய இரு கணினி ஆட்டங்களே அவற்றின் முன்னோடிகள். அவற்றை ஆட ஆங்கிலமும் தட்டச்சுப் பலகையும் வேண்டும். யூஜி ஹோரி என்னும் ஜப்பானியர் அவ்வடிவத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். 1983இல் துப்பறியும் சாகச ஆட்டமொன்றைப் படைத்திருந்த அவர், 1986 மே மாதத்தில் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தைத் தம் குழுவினரோடு வெளியிட்டார். பேசு, தேடு, திற போன்ற கட்டளைகளைத் தாய்மொழியில் பட்டியலிட்டு, சிறு பிள்ளையும் இரண்டு பொத்தான்களால் ஆடுமாறு அதனை எளிமையாக்கினார்.

அந்த ஆட்டம் முழுவதும் 64 கிலோபைட்டு இடத்திற்குள் அடங்க வேண்டியிருந்தது. கத்தகானா எழுத்துகள் அனைத்தையும் வைக்க அதில் இடமில்லை. ஆகவே சில எழுத்துகளை மட்டும் தேர்ந்து, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்கும் ஊர்களுக்கும் சூட்டினர். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியும் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடர, 20 எழுத்து கொண்ட 'மீட்பு மந்திரம்' ஒன்றைத் திரையிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து பிழையானாலும் உழைப்பெல்லாம் வீண். சொல்வதெழுதலில் நாம் எத்தனை முறை அறிவுறுத்தியும் வராத கவனம், அந்தப் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்திருக்கும்!

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. அதன் மூன்றாம் பாகம் வெளிவந்த அன்று, பள்ளிக்கு மட்டம் போட்டுக் கடை வாசலில் நின்ற மாணவர்களைக் காவலர்கள் பிடித்த செய்தி ஜப்பானையே பேச வைத்தது. ஆகவே பெற்றோர்களே, உங்கள் கவலை புதியதன்று; அந்நாட்டுப் பெற்றோரும் அதனைப் பட்டிருக்கின்றனர்.

சிவன் சென்ற வழி

அம்மாணவன் சொன்ன சிவா 'ஃபைனல் ஃபேண்டசி' என்னும் தொடரில் வருபவள். 1987இல் தொடங்கிய அத்தொடரின் மூன்றாம் பாகத்தில், 1990ஆம் ஆண்டு, அழைத்தால் வந்து உதவும் தெய்வ உருக்களுள் ஒன்றாக அவள் முதன்முதலில் தோன்றினாள். பின்வந்த பாகங்களில் நீல மேனியளாக, பனியின் அரசியாக நிலைத்துவிட்டாள். கயிலையின் பனியும் ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் பனிப்பெண்ணும் ஒன்றாகக் கலந்துவிட்டனவோ என்பது என் ஊகம்.

இதனைக் கேட்டு நாம் கொதிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சிவன் ஜப்பானில் உருமாறியது இது முதன்முறையன்று. பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து நம் தெய்வங்கள் பல அங்குச் சென்றன. சிவனின் கடுங்கோலமான மகாகாலன் அங்கே 'தைக்கொக்கு' ஆனான். அச்சொல்லுக்குப் 'பெருங்கறுப்பன்' என்று பொருள். நெல்மூட்டைகளின்மேல் நின்று, தோளில் சாக்கும் கையில் சுத்தியலுமாகச் சிரிக்கும் செல்வத் தெய்வம் அவன்! கலைமகள் 'பென்சைத்தென்' என்ற பெயரில் வீணைக்கு மாறாக 'பிவா' என்னும் நரம்பிசைக் கருவியை ஏந்தினாள். கந்தன் 'இதாத்தென்' ஆனான். விரைந்து ஓடுபவரை இன்றும் ஜப்பானியர் அப்பெயரால் குறிப்பர்.

எல்லா ஆட்டங்களும் நம் தெய்வங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுவதில்லை. 1987இல் தொடங்கிய 'மெகாமி தென்செய்' வரிசையில் சிவனும் திருமாலும் காளியும் நாம் அறிந்த உருவுக்கு மிக அருகிலேயே வருகின்றனர். எனினும் அங்கே அவர்கள் உலகின் பற்பல தெய்வங்களோடும் பேய்களோடும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். என் மனத்திற்கு இது பனிக்கன்னியைவிடச் சற்று உறுத்தலானதே.

அ, இ, உ, எ, ஒ

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். ஜப்பானிய எழுத்துகளின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கும். நம் உயிர்க்குறில்கள் ஐந்தும் அதே ஒழுங்கில் நிற்கின்றன அல்லவா? அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. முற்காலத்தில் அந்த 'ஹ' வரிசை 'ப' என்றே ஒலித்தது என்பர் மொழியறிஞர். நம் க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ என்னும் ஒழுங்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது தற்செயலன்று. 736இல் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி ஜப்பான் சென்றார். 752இல் நாரா நகரத்துப் பெரும்புத்தர் சிலைக்குக் கண்திறப்பு செய்தவர் அவரே. 806இல் கூக்கை என்னும் ஜப்பானியத் துறவி, வடமொழியை எழுதும் சித்த எழுத்துமுறை நூல்களைச் சீனத்திலிருந்து கொணர்ந்தார். இத்தகைய பயிற்சியின் பயனாக 11ஆம் நூற்றாண்டளவில் ஜப்பானிய எழுத்துகள் இவ்வொழுங்கைப் பெற்றன. தமிழே அங்குச் சென்றது என்று நான் பெருமை பேச மாட்டேன். சென்றது வடமொழி வழியாக. ஆனால் ஒலிகளைப் பிறப்பிடத்தின்படி வகுக்கும் அந்த அறிவு நம் மரபுக்கும் அவர்கள் மரபுக்கும் பொதுவானது.

டிராகன் குவெஸ்டைத் தொடங்கினால் முதலில் பெயரைக் கேட்கும் திரை வரும். எழுத்துகள் யாவும் இதே வரிசையில் கட்டம் கட்டி நிற்கும். ஜப்பானியக் குழந்தை தன் வீரனுக்குப் பெயரிடும்போது, இந்திய மண்ணில் பிறந்த ஓர் ஒழுங்கையே தொடுகிறது. அம்மாணவன் தன் தாளில் இரண்டு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். அதனை நான்தான் பார்க்கத் தவறினேன்.

என் சொந்தக் கருத்து

இவ்வாட்டங்களில் குறைகள் உண்டு. ஒரே அரக்கனை நூறு முறை அடித்து வலிமை சேர்ப்பது வெறும் கால விரயம். ஒரு கதையை முடிக்க 40 மணி நேரத்திற்கு மேலும் ஆகும். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது நல்லதன்று. ஆனாலும் சிலவற்றை நான் நல்ல புதினங்களுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

2006இல் வந்த 'ஒகாமி'யில் சூரியத் தெய்வமான அமத்தெராசு வெள்ளை ஓநாயாக வருகிறாள். தூரிகையால் திரையில் கோடு வரைந்தால் வாடிய மரம் பூக்கும். தங்கள் தொன்மத்தை அவர்கள் எத்துணை அன்போடு கையாள்கின்றனர்! நம் கொற்றவைக்கும் முருகனுக்கும் இப்படியோர் ஆட்டம் இல்லையே என்று அன்று ஏங்கினேன்.

என்னை உலுக்கியது டிராகன் குவெஸ்டின் ஐந்தாம் பாகம். ஜப்பானில் 1992இலும் ஆங்கிலத்தில் 2009இலும் வெளிவந்தது. கதைநாயகன் சிறுவனாக இருக்கும்போதே அவன் கண்முன் தந்தை கொல்லப்படுகிறார். சிறுவன் அடிமையாக்கப்பட்டு, கோயிலொன்றைக் கட்டும் பணியில் பத்தாண்டுகள் கல் சுமக்கிறான். அந்தக் காட்சியில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். சயாமில் தாத்தா மண் சுமந்ததை என்னால் அதுவரை மனக்கண்ணில் காண முடிந்ததில்லை. அதனைக் காட்டியது ஜப்பானியர் எழுதிய ஒரு கதை. இது எனக்கு இன்றும் விழுங்க இயலாத உண்மை.

எவர் வந்து நமக்காக எழுதுவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. புனே நகரத்துக் குழுவொன்று 2020இல் துர்க்கையை முன்வைத்து 'ராஜி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. நம் நாட்டு வான் ஹஸ்மர், ஜப்பான் சென்று ஃபைனல் ஃபேண்டசியின் பதினைந்தாம் பாகத்தில் பணியாற்றியவர்; திரும்பி வந்து இங்கேயே தம் நிறுவனத்தைத் தொடங்கி 2020இல் சொந்த ஆட்டத்தையும் வெளியிட்டார். அமெரிக்க வடிவத்தை ஜப்பானியர் இரவல் பெற்றுத் தம் மொழியில் எழுதினர். அதே வடிவத்தில் நம் மொழியில் எழுத நமக்கும் தடையில்லை.

தாள் திரும்பிய நாள்

சில நாள் கழித்து அந்தத் தாளை வகுப்பிலேயே அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். கடிந்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். கரும்பலகையில் இரு வரிசைகளையும் எழுதினேன். மகாகாலன் தைக்கொக்கு ஆன கதையைச் சொன்னேன். பின்னர், முதன்முறையாக, தாத்தாவின் கதையையும் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

அம்மாணவன் ஒரேயொரு கேள்வி கேட்டான். "ஐயா, உங்கள் தாத்தாவின் எண் என்ன?"

காலைதோறும் வரிசையில் நின்று அவர் சொன்ன எண் எது? எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தபோது நான் கேட்டதேயில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்த ஆட்டத்தை ஆடுகிறான் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அதில் வரும் பெயர் நம்முடையதாயின் அதன் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், பிள்ளையை அவரருகே அமரச் செய்யுங்கள். அவர் சொல்வதை அவன் எழுதிக்கொள்ளட்டும், எழுத்துப் பிழையின்றி.