மலிவுக் கமராவின் வரலாறு: ஹொங்கொங் தந்த இரு கருவிகள்

ஒளிப்படக்கலையின் வரலாற்றை எழுதியோர் ஜேர்மனியின் நுண்ணிய வில்லைகளையும் பேர்பெற்ற கலைஞரையுமே விரிவாகப் பேசினர். மலிவுக் கமராவுக்கு அங்கே ஓரிரு வரிகளே கிடைத்தன. ஆயினும், சாதாரண குடும்பங்களின் முகங்களைக் காத்துவைத்தவற்றுள் இத்தகைய கருவிகளின் பங்கு பெரிது.

1900 ஆம் ஆண்டில் ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனம் ஒரு டொலருக்கு விற்ற ‘பிறவுணி’ இவற்றின் முன்னோடியாகும். அது அட்டையாலான பெட்டி. 1934 இல் வெளிவந்த ‘பேபி பிறவுணி’யின் உடல் பேக்லைற் எனும் செயற்கைப் பிசினால் வார்க்கப்பட்டது, விலை மட்டும் அதே ஒரு டொலர்.

வில்லையையும் பிளாஸ்ரிக்கிலே செய்து விலையை மேலும் தாழ்த்தியவற்றுள் ஹொங்கொங் கருவிகள் குறிப்பிடத்தக்கவை. 1960களில் கவுலூனிலிருந்த பெருஞ்சுவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலை ‘டயானா’வை உற்பத்தி செய்தது. பல்வேறு பெயர்களில், ஏறத்தாழ விளையாட்டுப் பொருளாகவே அது விற்கப்பட்டது.

1982 இல் ரீ. எம். லீ என்பார் உருவாக்கிய ‘ஹொல்கா’வின் நோக்கம் வேறு. சீனாவில் அந்நாளில் எளிதிற் கிடைத்த 120 படச்சுருளைப் பயன்படுத்தி, உழைக்கும் குடும்பங்கள் தம் படங்களைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டுமென்பதே அது. தூரத்தைக் கணிக்கத் தெரியாதவர்க்கென வில்லையின்மேல் ஒருவர், மூவர், ஒரு கூட்டம், மலை என நான்கு சித்திரங்கள் பொறிக்கப்பட்டன. வெயிலுக்கும் முகிலுக்குமென ஒரு விசையும் இருந்தது. தொடக்ககாலக் கருவிகளில் அதனை எப்பக்கம் தள்ளினும் உட்புகும் ஒளி மாறவில்லை என்பது வேடிக்கையே! ஆனால், 35 மில்லிமீற்றர் சுருள் சீனாவில் விரைந்து பரவியதால், ஹொல்கா வெளிநாட்டுச் சந்தையை நாட நேர்ந்தது.

மேற்கு நாட்டுக் கலைஞர்கள் இவற்றின் குறைகளையே விரும்பினர். மங்கிய ஓரங்களும் இருண்ட மூலைகளும் பாணியாயின. நான்சி றெக்ஸ்றொத் டயானாவில் எடுத்த படங்கள் 1977 இல் ‘அயோவா’ எனும் நூலாயின. 2000 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தற் களத்தில் அல் கோரை டேவிட் பேணற் ஹொல்காவாற் படம்பிடித்தார்.

இம்முயற்சிகளின் கலைப்பெறுமதியை மறுப்பதற்கில்லை. எனினும் குறையை விரும்பித் தெரிவுசெய்தல், குறையற்ற கருவியையும் வாங்க வல்லார்க்கே இயலும். வேறு வழியற்ற ஒரு தந்தைக்குப் பிள்ளையின் முகத்தின்மேல் விழுந்த ஒளிக்கசிவு அழகன்று, இழப்பே. கலை விமர்சனம் இவ்விருவரையும் ஒருங்கே நோக்கியது அரிது.

2007 இல் வியன்னாவைச் சேர்ந்த லோமோகிராபி நிறுவனம் டயானாவை மீண்டும் செய்து விற்றது. பழைய கருவியின் உருவத்தோடு அதன் மங்கலையும் படியெடுக்க வேண்டியிருந்தது.