பின்னால் வந்தவனுக்கு அடித்தொட்டி

ராஜேந்திர சோழன் கப்பல் விட்டுக் கடாரம் கொண்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் கப்பலுக்குப் பலகை சேர்த்தவன் யார் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இருபது வருஷம் கப்பலுக்கு வெல்டிங் அடித்தவன் என்கிற முறையில், கப்பலை ஒட்டியவர்களின் வரலாற்றில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வளவனூர். விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில் இருக்கிறது. ஊர்த்தெருவில் ஒரு கருமான் பட்டறை இருந்தது. அருவாளுக்குக் கருக்கு வெட்ட எங்கப்பா போனால் வெளியே மரத்தடியில்தான் நிற்பார். கூட நானும் நிற்பேன். துருத்தி ஊதுவதைப் பார்த்துக்கொண்டே, "நானும் ஊதட்டாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது அவங்க தொழிலுடா. நமக்கு அறுக்கறதுதான்" என்றார். கோவமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

இப்படித் தொழிலுக்கு வேலி போடுவது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. கப்பல் தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்த்த காலத்தில் ஒருவன் ஆணியைக் காய்ச்சுவான், ஒருவன் வாங்கிப் பொருத்துவான், ஒருவன் பின்னால் முட்டுக் கொடுப்பான், மற்றவன் அடிப்பான். வருஷக்கணக்கில் கூடவே இருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிறவன் கூப்பிட்டால்தான் வெளியே இருக்கிறவன் நுழைய முடியும். இந்த வேலியை வெல்டிங் அசைத்தது. 1920ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் ரிவிட்டே இல்லாமல் முழுக்க ஒட்டிக் கட்டிய ஃபுல்லகர் என்ற கப்பல் கடலுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. பாகம் பாகமாகத் தரையில் செய்து, கிரேனில் தூக்கி வைத்து ஒட்டினார்கள். ஆள் பத்தவில்லை. அதனால் அதுவரை வாசலில் நின்ற பெண்களும் கறுப்பு மக்களும் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். சில வாரப் பயிற்சியிலேயே கையில் ஹோல்டர் கிடைத்தது.

1943 ஜனவரியில் போர்ட்லாந்தில் துறையில் சும்மா நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. உடனே சந்தேகம் வெல்டிங் மேல் விழுந்தது. குளிரில் அந்த எஃகே கண்ணாடி மாதிரி உடையக்கூடியது என்பதை கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி பிறகு நிரூபித்தார். தகட்டில் இருந்த குறைக்கு, ஒட்டினவன் கைதான் முதலில் பேச்சு வாங்கியது.

உள்ளே வந்தவர்களுக்கு சமமான இடம் கிடைத்ததா? கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ ஊரில் மேரின்ஷிப் கப்பல் தளம் இருந்தது. அங்கே ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கறுப்பு வெல்டர் வேலை பார்த்தார். சங்கத்தில் இருந்தால்தான் அங்கே வேலை. ஆனால் கறுப்பர்களைச் சங்கம் நேராகச் சேர்க்காது. தனியாக ஒரு துணைச் சங்கம் வைத்து, சந்தாவை வாங்கிக்கொண்டு ஓட்டு மட்டும் கொடுக்காது. தனிக் கிளாஸ் வைத்த டீக்கடையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் அந்தச் சந்தாவைக் கட்ட மாட்டேன் என்றார். கூட இருந்தவர்களும் மறுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். சங்கத்தில் இருப்பவனுக்கே வேலை என்றும் சொல்லிக்கொண்டு, நிறம் பார்த்துச் சங்கக் கதவையும் சாத்தக்கூடாது என்று 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போர் முடிந்து 1946ல் தளத்தையே மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.

என் கதைக்கு வருகிறேன். கருமான் பட்டறைக்குள் போகாத நான், இட ஒதுக்கீட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் நுழைந்து வெல்டிங் படித்தேன். முதல் நாள் ராடு தட்டி நெருப்பு வந்தபோது கண்ணில் தண்ணி வந்துவிட்டது. புகையினால் என்று சொல்லிக்கொண்டேன். 1994ல் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி சிங்கப்பூர் போனேன். தலைக்கு மேல் ஒட்டுகிற 4ஜி டெஸ்டில் தேறினேன். எக்ஸ்ரே ஃபிலிமில் என் ஜாயிண்டில் ஒரு ஓட்டை இல்லை. ஃபிலிமில் வெல்டர் நம்பர்தான் இருக்கும், சாதி இருக்காது.

சூப்பர்வைசர் நம்ம மாவட்டத்துக்காரர். "எந்த ஊரு தம்பி?" "வளவனூருண்ணா." "வளவனூர்ல எங்க?" காலனி என்றேன். அவர் முகம் மாறவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு அடித்தொட்டி வேலை. கப்பலின் அடியில் இரண்டு தகட்டுத் தளத்துக்கு நடுவே இருக்கிற இடம் அது. மேன்ஹோல் வழியாக இறங்கி, நிமிர முடியாமல் குந்தி, தவழ்ந்து போய் ஒட்டணும். புகை போக ஒரு ப்ளோயர் குழாய். என்னோடு இறங்கினவர்களை விசாரித்தேன். நம்மாளுங்களும் வங்காளதேசத்துப் பையன்களும்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்தைச் சோதித்துச் சீட்டு எழுதாமல் அந்த மேன்ஹோலில் யாரும் எங்களை இறக்கியதில்லை. அந்தச் சீட்டுக்குப் பின்னால் சாவு இருக்கிறது. 1978 அக்டோபர் 12, ஜூரோங் தளத்தில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் வெடித்து 76 பேர் செத்தார்கள். தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. அதன் ஆவியில் கட்டிங் டார்ச்சின் பொறி பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. அதே வருஷம் ஜூலையில் விழுப்புரத்தில் நம் சனங்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயசு.

2014ல் ஊரோடு வந்துவிட்டேன். ஒருநாள் டவுனில் பாதாள சாக்கடை மூடியைத் திறந்து ஒரு பையன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மலக்குழியில் ஆளை இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தாகிவிட்டது. கிட்டப்போய், "காஸ் பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"பாத்தாச்சுண்ணா. நெருப்புக்குச்சி கொளுத்திப் போட்டோம், அணையல" என்றான்.

கப்பலுக்கும் தெருவுக்கும் அந்த ஓட்டைக்குப் பேர் மேன்ஹோல்தான். ஜூரோங்கில் 76 பேரைக் கொன்ற பொறியை, இங்கே சோதனை என்ற பேரில் உள்ளே போடுகிறோம். அந்தப் பையனை நான் இறங்க விடவில்லை. கான்ட்ராக்டர் வந்து, "நீ யாருய்யா?" என்று சத்தம் போட்டார்.

"வெல்டர்" என்றேன்.