வைக்கோலும் கடலைக்கொடியும்: காஞ்சிபுரத்து மாட்டுத் தீனி குறித்து ஓர் ஒப்பாய்வு

தென்னேரி ஆயக்கட்டு ஊர்களில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி நிற்பது வைக்கோல் போர். உத்திரமேரூரைத் தாண்டி வந்தவாசிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குப் போனால், போருக்கு அருகே இன்னொரு சிறு குவியலும் இருக்கும். காய் ஆய்ந்தபின் காயவைத்துச் சேர்த்த மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி அது. இரண்டுமே நாம் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியவை. அதனாலேயே இரண்டையும் உலர்தீவனம் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. வைக்கோல் வயிற்றை நிரப்பும். மாட்டைத் தேற்றுவது கொடி. போரைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம் கொடியை உரிய மரியாதையோடு கவனிக்கவில்லை என்பதே என் குறை.

அளவில் வைக்கோலுக்கு ஈடு கிடையாது. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்திலேயே, உத்திரமேரூர்ச் சபை ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்தது. அப்படி ஏரியை நம்பி நெல் விளைத்த பூமி இது. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டம். ஒரு டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு டன்னோ, அதற்குச் சற்று மேலோ வைக்கோல் கிடைக்கும். நெல் இருக்கும் வரை அதற்குத் தட்டுப்பாடு இல்லை.

ஆனால் அந்தப் போருக்குள் என்ன இருக்கிறது? நூறு கிலோ வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 கிலோதான். மாட்டின் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். அவை பெருகி வேலை செய்யத் தீனியில் புரதம் 7 விழுக்காடாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் தின்ற வைக்கோல் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கிவிடும். மாடு மேற்கொண்டு தின்னாது. தொட்டி நிறையத் தீனி இருந்தும் விலா எலும்பு தெரிகிற மாடுகளில் பலவற்றின் கதை இதுதான். போதாக்குறைக்கு, நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கிறது. மற்ற தானியங்களில் தண்டைவிட இலைதான் எளிதில் செரிக்கும். நெல்லில் அது தலைகீழ். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் வேறு, சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

கொடியின் நிலை வேறு. பக்குவமாகக் காய்ந்த கடலைக்கொடியில் புரதம் 8 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். இலை கொட்டாமல் இருந்தால் அதற்கு மேலும் போகும். சுண்ணாம்புச் சத்தும் நிறைய. கடலை பயறு இனம், வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது அறுவடை நேரம். நெல்லை, பயிர் முற்றிப் பழுத்து, இலையிலிருந்த சத்தெல்லாம் கதிருக்கு ஏறிய பிறகே அறுக்கிறோம். கடலையை, மண்ணுக்குள் காய் முற்றியதும், மேலே இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே பிடுங்குகிறோம். ஒன்று வாழ்ந்து முடித்த பயிர். மற்றது பாதி வாழ்வில் பறித்த பயிர். மாடு இந்த வித்தியாசத்தை நம்மைவிட நன்றாக அறியும். இரண்டையும் முன்னால் போட்டால் முதலில் கொடிக்குத்தான் வாய் போகும்.

வைக்கோலும் பழைய வைக்கோலாக இல்லை. 1966-இல் ஐ.ஆர்.8 நெல் ரகம் வந்ததிலிருந்து பயிர் குட்டையாயிற்று. ஆள் உயரச் சம்பாவின் நீண்ட தாள் போயிற்று. பிறகு வந்தது அறுவடை இயந்திரம். களத்தில் அடித்து, உலர்த்தி, போராக ஏற்றிய வைக்கோலில் மழை இறங்காது. இயந்திரம் நசுக்கித் துப்பிய வைக்கோலோ சேற்றுவயலிலேயே கிடக்கிறது. அதை உருளைக் கட்டாகச் சுருட்டித் தர இன்னொரு இயந்திரத்துக்கு வாடகை. கட்டான வைக்கோலை லாரியில் ஏற்றுவது எளிது என்பதால், விளைந்த ஊரை விட்டே போய்விடுகிறது. சொந்தமாக நிலம் இல்லாமல் இரண்டு மாடு வைத்திருப்பவர், கண்ணெதிரே விளைந்த வைக்கோலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

அறிவியல் வைக்கோலைத் திருத்தப் பாடுபடாமல் இல்லை. 1921-இல் ஜெர்மனியில் பெக்மன் என்ற ஆய்வாளர் காரக் கரைசலில் வைக்கோலை ஊறவைத்துச் செரிமானத்தைக் கூட்டினார். நம் ஊருக்கு வந்த முறை யூரியா. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் வைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்கும். புரதக் கணக்கும் இரட்டிப்பாகும். ஆய்வுக்கூடத்தில் இது பொய்க்காத முறை. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2019-இல் மாவட்டம் பிரியும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இருந்தும் யூரியா வைக்கோல் நம் கிராமங்களில் வழக்கமாகவில்லை. குற்றம் விவசாயியுடையது அல்ல. கோடையில் தண்ணீர் சுமக்க வேண்டும், தார்ப்பாய் வாங்க வேண்டும், அளவு பிசகாமல் கலக்க வேண்டும். பிசகினால் மாடு நஞ்சேறிச் சாகும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு மாட்டுக்காரர் இத்தனையையும் எப்போது செய்வார்?

அவர் கையில் இருக்கும் மாற்று வழி கொடி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு கொடி கலந்தால், கலவையில் புரதம் 6 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஐந்து கிலோ கலவையோடு கால் கிலோ கடலைப் புண்ணாக்கைச் சேர்த்தால் 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். சரிபாதி கலக்க முடிந்தால் புண்ணாக்கு இல்லாமலே அந்த அளவை நெருங்கிவிடும். கொடியில் குறைவாக உள்ள மணிச்சத்தைத் தவிடு ஈடுசெய்யும். நெல்லும் கடலையும் விளைகிற ஊரில் இவை எல்லாமே உள்ளூர்ச் சரக்கு. யூரியா, வைக்கோலுக்கு வெளியிலிருந்து தழைச்சத்தை ஏற்றுகிறது. கொடியிலோ தழைச்சத்து, தாதுச் சத்து, செரிக்கும் நார் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. சினை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் அதைப் பயமில்லாமல் போடலாம்.

இந்த இரண்டு மிச்சங்களையும் இறைச்சி மாட்டுக்குப் போடுகிற நாடும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு நெல் விளையும் பகுதி. வயலில் வைக்கோலைக் கொளுத்துவதைப் படிப்படியாகக் குறைக்க 1991-இல் அங்கே சட்டம் வந்தது. அதன் பிறகு வைக்கோலில் ஒரு பகுதி இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்குத் தீனியாகப் போகிறது. ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடா மாநிலங்களில் கடலை எடுத்த கொடியைச் சுருட்டி மாட்டுக்குப் போடுகிறார்கள். இறைச்சி மாடு என்றதும் மக்காச்சோளத்தைத் தின்று கொழுக்கும் மாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கொடியும் வைக்கோலும் பெரும்பாலும் போவது, குளிர்காலத்தில் புல் இல்லாதபோது தாய்ப்பசுக்களைக் காப்பாற்ற. கன்று ஈனும் மாட்டை மலிவான மிச்சத்தில் தாக்குப்பிடிக்க வைப்பதே அங்கும் நோக்கம். அந்த இடத்தில் காஞ்சிபுரத்துக்காரரும் ஜார்ஜியாக்காரரும் ஒரே கவலைக்காரர்கள்.

மற்றபடி நம் நிலைமை வேறு. இங்கே யாரும் மாட்டை இறைச்சிக்கென்று வளர்ப்பதில்லை. பாலுக்கும் உழவுக்கும் சாணத்துக்கும் வளர்க்கிறார்கள். முதுமையில்தான் அது சந்தைக்குப் போகிறது. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனவிருத்திக்கும் தகுதியற்றது என்றோ, நிரந்தரமாக முடமானது என்றோ சான்று பெற்றால்தான் மாட்டை வெட்டலாம். ஆகவே மாடு நம்மோடு வாழும் காலம் நீளம்; அத்தனை ஆண்டும் அது தின்பது பெரும்பாலும் இந்த மிச்சங்களைத்தான். கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுக்கும் பக்தர், தெரிந்தோ தெரியாமலோ அதற்குப் பயறு இனத் தழையைத்தான் ஊட்டுகிறார். வைக்கோலையே தின்றுவந்த வயிற்றுக்கு அது பெரிய உபகாரம்.

கொடிக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் உயிர் இலையில் இருக்கிறது. இலையோ கை பட்டாலே உதிர்கிறது. உச்சி வெயிலில் மொறமொறவென்று காய்ந்த கொடியைக் கட்டி இழுத்தால் வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் தண்டு. விடியற்பனியின் ஈரம் இருக்கும்போதே எடுத்துவைப்பதும், வேர் மண்ணை உதறிவிடுவதும் கிழவிகளுக்குத் தெரிந்த வேலைதான், அவசரத்தில் விட்டுப்போகிறது. பட்டமும் முக்கியம். மார்கழியில் விதைத்துச் சித்திரையில் பிடுங்கும் இறவைக் கடலையின் கொடி நல்ல வெயிலில் காயும். மானாவாரிக் கடலையைப் பிடுங்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொடி கறுத்துப் பூசணம் பூக்கும். அதை மாட்டுக்குப் போடவே கூடாது. கடலையில் வளரும் பூசணம் எவ்வளவு கொடியது என்று உலகம் அறிந்தது 1960-இல். இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தன. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இலையைக் கொட்டவைக்கும் இன்னொன்று டிக்கா இலைப்புள்ளி நோய். அதோடு துருவும் சேர்ந்தால் அறுவடைக்கு முன்பே செடி மொட்டையாகிவிடும். காய் ஓரளவு தேறினாலும் தீனி போய்விட்டது. மருந்தடித்தால் இலை நிற்கும்; ஆனால் மருந்தடித்த கொடியை மாட்டுக்குப் போடலாமா என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் சில மருந்துகளின் சீட்டிலேயே, தெளித்த கொடியைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் மருந்துக் கடையில் காயைப் பற்றித்தான் பேச்சு, கொடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதற்கு நிரந்தர வழி, நோயைத் தாங்கி இலையைக் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும் ரகம். பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ரகத்துக்கு ரகம் கொடியின் தரம் மாறுவதை அளந்து காட்டியிருக்கிறது. அனந்தபூர் வறட்சிப் பகுதியில் பரவிய ஐ.சி.ஜி.வி. 91114 ரகத்தின் கொடியைத் தின்ற மாடுகள் கூடுதலாகப் பால் கொடுத்தன. நமக்குப் பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. ரகங்கள் பிறந்த இடம். அங்கிருந்து வரும் அடுத்த ரகத்தின் விவரச்சீட்டில் காய் மகசூலுக்கும் எண்ணெய் விழுக்காட்டுக்கும் கீழே, காய்ந்த கொடி ஏக்கருக்கு எத்தனை கிலோ, அதில் புரதம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளும் இருக்க வேண்டும். அந்த எண்களைப் பார்த்து விதை வாங்க, மாடு வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் தெரியும்.