கண் திறக்கப் போனவர்கள்: அயகூச்சோவின் கதை

பி.காம். படிக்கிறவன் பெரு நாட்டு வரலாறு எழுத வந்துவிட்டான் என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒரு கிராமத்துப் பையனைப் படிப்பு எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்று என்னை யோசிக்க வைத்தது இந்த ஊர்தான்.

ஊர் பெயர் அயகூச்சோ. ஆண்டிஸ் மலையில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பேச்சு கெச்சுவா மொழியில். ஆனால் கோர்ட், போலீஸ், அரசு அலுவலகம் எல்லாம் ஸ்பானிஷ். ஸ்பானிஷ் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். படிக்காதவனைக் கண்ணில்லாதவன் என்பது அங்கே வழக்கம். பள்ளிக்கூடம்தான் கண்ணைத் திறக்கும் என்று நம்பினார்கள். திருக்குறள் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது!

அந்த ஊரில் 1677-ல் நிறுவப்பட்ட ஒரு பல்கலைக்கழகம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. 1959-ல் மீண்டும் திறந்தார்கள். பெயர் சான் கிறிஸ்டோபல் தெ உவாமங்கா. சில நூறு மாணவர்களோடு ஆரம்பித்தது, பிறகு ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. விவசாயிகளின் பிள்ளைகள் மலையிறங்கி வந்து படித்தார்கள்.

அந்த மக்கள் படிப்பை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு 1969 சாட்சி. தேர்வில் தோற்கும் மாணவர்கள் இனிமேல் கட்டணம் கட்ட வேண்டும் என்று ராணுவ அரசு ஆணை போட்டது. அயகூச்சோவிலும் பக்கத்து ஊரான உவாந்தாவிலும் மாணவர்களோடு விவசாயிகளும் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் மாதம் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். நினைத்துப் பாருங்கள், கூலி உயர்வுக்காகக் கூட இல்லை, பிள்ளைகளின் இலவசப் படிப்புக்காக உயிர் போயிருக்கிறது. அரசு பின்வாங்கியது.

சரி, படித்து முடித்தவர்களுக்கு வேலை? இங்கேதான் என் பாடம் உதவிக்கு வருகிறது. சப்ளை ஏறிக்கொண்டே போனது, டிமாண்ட் இல்லை. அயகூச்சோவில் சொல்லிக்கொள்ளும்படி தொழிற்சாலை இல்லை. பட்டம் வாங்கியவருக்குக் கிராமத்துப் பள்ளி வாத்தியார் வேலைதான் கதி, அதுவும் குறைந்த சம்பளத்தில். தலைநகர் லிமாவுக்குப் போனால் மலைக்காரன் என்ற இளக்காரம். கிராமத்தை விட்டு வந்தாயிற்று, நகரம் சேர்த்துக்கொள்ளவில்லை.

1962-ல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தத்துவம் கற்பிக்க வந்தவர் அபிமாயேல் கூஸ்மான். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில் இருந்தது: மாவோ வழியில் ஆயுதப் போராட்டம். 'ஒளிரும் பாதை' என்ற அவருடைய கட்சி மாணவர்களைப் பிடித்தது. மாணவர்கள் வாத்தியார்களாகி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

1980 மே 17. மறுநாள் பொதுத்தேர்தல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்து நடந்த முதல் தேர்தல் அது. சுஸ்சி என்ற கிராமத்தில் ஒளிரும் பாதையினர் ஓட்டுப்பெட்டிகளைக் கொளுத்தினார்கள். போர் அப்படித்தான் ஆரம்பித்தது. படிக்காத விவசாயிக்கு முதன்முதலாகக் கிடைத்த ஓட்டை, அவனுக்காகப் போராடுவதாகச் சொன்ன படித்தவர்கள் எரித்தார்கள். எனக்கு இந்த இடம்தான் ஜீரணிக்கவே முடியவில்லை.

அப்புறம் வாரச்சந்தைகளை மூடச் சொன்னார்கள். நகரத்துக்குச் சோறு போகக்கூடாதாம். உப்பும் தீப்பெட்டியும் எங்கே வாங்குவது? காமர்ஸ் படிக்காத விவசாயிக்குத் தெரிந்தது தத்துவ வாத்தியாருக்குத் தெரியவில்லை. எதிர்த்த கிராமங்களைப் பழிவாங்கினார்கள். 1983 ஏப்ரலில் லுகானாமார்காவில் குழந்தைகள் உட்பட 69 பேரைக் கொன்றார்கள். ராணுவமும் சளைக்கவில்லை. உவாமங்கா மாணவன் என்றாலே சந்தேகம். பிடித்துப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. 1980 முதல் 2000 வரை செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 69,000 பேர் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003-ல் மதிப்பிட்டது. நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

வேலை இல்லாத ஊரில் படிப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1969-ல் தெருவுக்கு வந்த பெற்றோர் கேட்டது நியாயமானது. அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு சர்டிபிகேட்டும், எதிர்க்கேள்வி கேட்க விடாத ஒரு வாத்தியாரும். அப்படியும் பெரும்பாலான மாணவர்கள் துப்பாக்கியைத் தொடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

தொட்டவர்களில் ஒரு சிறுவன், லுர்ஹியோ கவிலான். 1983-ல், சுமார் 12 வயதில், அண்ணனைத் தேடிப்போய் ஒளிரும் பாதையில் சேர்ந்தான். அண்ணன் போரில் செத்துப்போனான். இவன் ராணுவத்திடம் சிக்கியபோது ஓர் அதிகாரி கொல்லாமல் விட்டார். ராணுவ முகாமில் இருந்துகொண்டே பள்ளிப்படிப்பு படித்தான், பிறகு சிப்பாயும் ஆனான். அங்கிருந்து பிரான்சிஸ்கன் துறவி மடத்துக்கு. அதையும் விட்டு வெளியே வந்து மானுடவியல் படித்தார். எல்லாவற்றையும் எழுதி 2012-ல் புத்தகமாக வெளியிட்டார்.

கூஸ்மான் 1992-ல் லிமாவில் பிடிபட்டு, 2021-ல் சிறையிலேயே இறந்தார். அவர் பாடம் நடத்திய அதே உவாமங்கா பல்கலைக்கழகத்தில்தான் கவிலான் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அங்கேயே பேராசிரியராகப் பாடம் நடத்தவும் செய்தார்.