வீரர் பரிமாற்றக் கெடு

லீக் போட்டிகளில் ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறொருவரையோ பணத்தையோ பெற்றுக்கொள்ள விதிக்கப்படும் கடைசி நாள் வீரர் பரிமாற்றக் கெடு எனப்படும். அமெரிக்க பேஸ்பாலில் தோன்றிய இவ்வழக்கம் ஐபிஎல் மூலம் இந்தியக் கிரிக்கெட்டுக்கு வந்தது. கோப்பையை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நிற்கும் அணிக்கே கெடு நாளில் தலைவலி அதிகம். கடைசி இடத்து அணிக்கு இழக்க ஒன்றுமில்லை, விற்கலாம். முன்னணி அணியோ, இந்த ஆண்டுக் கோப்பைக்காக அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எவ்வளவை அடகு வைக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும்.

தோற்றம்

1922 பருவத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியும் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியும் அமெரிக்கன் லீக் முதலிடத்துக்கு மல்லுக்கட்டின. ஜூலை 23 அன்று யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸிடமிருந்து ஜோ டூகன் என்ற நல்ல வீரரை வாங்கிக்கொண்டது. ஒரு வாரத்தில் மற்றொரு நியூயார்க் அணியான ஜயன்ட்ஸ், பாஸ்டன் பிரேவ்ஸிடமிருந்து ஹியூ மெக்குவில்லன் என்ற பந்துவீச்சாளரை வளைத்தது. பருவ முடிவில் பிரவுன்ஸ் 93 வெற்றி, யாங்கீஸ் 94. ஒரே ஓர் ஆட்டம். செயின்ட் லூயிஸ் நகரம் கொதித்தது. பணக்கார ஊர் பாதி வழியில் கடைக்குப் போய்க் கோப்பையை வாங்கி வந்துவிட்டது என்பது அவர்கள் புகார். அது நியாயமான புகாரும்கூட. மறு ஆண்டு முதல் ஜூன் 15-க்குப் பிறகு சாதாரணப் பரிமாற்றம் கூடாது என்று விதி வந்தது.

இந்த ஜூன் 15 அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1986-இல் ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. அதற்குப் பிறகும் ஆகஸ்டில் ஒரு புறவாசல் இருந்தது: மற்ற அணிகள் எல்லாம் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று விட்டுவிட்ட வீரரை மாற்றிக்கொள்ளலாம். 2019-இல் அந்தக் கதவும் அடைக்கப்பட்டது.

அந்தப் புறவாசல் வழியே நடந்ததுதான் இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் உதாரணம். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ், அட்லாண்டாவிடமிருந்து டாய்ல் அலெக்சாண்டர் என்ற மூத்த பந்துவீச்சாளரை வாங்கியது. கொடுத்தது இருபது வயதுப் பையன் ஒருவனை. அலெக்சாண்டர் ஒன்பது ஆட்டங்களை வென்று கொடுத்தார், ஒன்றையும் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. அங்கே அலெக்சாண்டர் இறங்கிய இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. அந்தப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுக்கு இருபது ஆண்டு உழைத்து, 1995-இல் கோப்பை வாங்கித் தந்து, 2015-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டெட்ராய்ட் ஏமாந்தது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பரிமாற்றம் இல்லாமல் டெட்ராய்ட் முதலிடத்துக்கே வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்புற உதாரணம் 2016-இன் சிகாகோ கப்ஸ். கடைசியாக 1908-இல் உலகத் தொடரை வென்ற அணி அது. ஆட்ட முடிவில் வந்து பந்துவீசும் அரோல்டிஸ் சாப்மனுக்காக கிளேபர் டோரஸ் என்ற இளைஞரையும் வேறு சிலரையும் யாங்கீஸுக்குக் கொடுத்தது. சாப்மன் சிகாகோவில் இருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு. கோப்பை வந்தது. டோரஸ் பின்னர் நட்சத்திரமானதைப் பற்றிச் சிகாகோவில் யாரும் அழவில்லை. 2014-இல் ஓக்லண்ட் இதையே செய்து பார்த்தது. பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டருக்காகத் தன் முக்கிய மட்டையாளர் சேஸ்பெடஸைக் கொடுத்து, ஒற்றை நாக்-அவுட் ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டியிடம் வெளியேறியது.

ஐபிஎல்லில் பரிமாற்றம்

ஐபிஎல் 2008-இல் ஏலத்தோடு தொடங்கியது. இரண்டாம் பருவத்துக்கு முன்பே, 2009 தொடக்கத்தில், முதல் பரிமாற்றங்கள் நடந்தன: ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்கு, ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கு. ஆசிஷ் நெஹ்ரா டெல்லிக்கும் ஷிகர் தவான் மும்பைக்கும் போனார்கள். வீரர் தானாகவே வேறு அணியோடு பேரம் பேசக் கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே கண்டிப்பான விதி. ராஜஸ்தானில் இருந்த ரவீந்திர ஜடேஜா இதை மீறியதாகக் கூறி 2010 பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டார்.

இன்றைய நடைமுறையில் பரிமாற்றத்துக்கான காலம் இறுதிப் போட்டி முடிந்த சில நாட்களில் திறக்கிறது. ஏலத்துக்குச் சற்று முன் மூடுகிறது. ஏலம் முடிந்தபின் மீண்டும் கொஞ்ச நாள் திறந்திருக்கிறது. வீரரின் சம்மதம் கட்டாயம். அணிகளுக்கிடையே கைமாறும் பரிமாற்றத் தொகை பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. ரசிகர் சண்டைகளில் பாதி இதனால் வருவது.

இந்தப் பரிமாற்றங்களின் லாப நட்டத்துக்கு 2020 இறுதிப் போட்டியைவிட நல்ல பாடம் இல்லை. முந்தைய நவம்பரில் டெல்லி கேப்பிடல்ஸ், பஞ்சாபிடமிருந்து ரவிச்சந்திரன் அஸ்வினைக் கொண்டுவந்தது. அதே நாட்களில் தன் வேகப்பந்து வீச்சாளர் டிரென்ட் போல்ட்டை மும்பைக்குக் கொடுத்தது. அஸ்வின் வரவால் சுழற்பந்து பலப்பட்ட டெல்லி முதல் தடவையாக இறுதிக்கு வந்தது. துபாயில் எதிரே நின்றது மும்பை. முதல் பந்திலேயே ஸ்டாய்னிஸை வெளியேற்றினார் போல்ட். மூன்று விக்கெட், ஆட்டநாயகன் விருது, கோப்பை மும்பைக்கு. நேரடிப் போட்டியாளருக்கு ஆயுதம் கொடுக்கக் கூடாது என்று ஐபிஎல் அணி நிர்வாகங்கள் தயங்குவதற்கு அந்த ஒரு பந்து போதும்.

சென்னைக்குக் கிடைத்த சிறந்த பரிமாற்றம் உத்தப்பாதான். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிடமிருந்து வந்தபோது முப்பத்தைந்து வயது. எதற்கு இவர் என்று கேட்டவர்கள் பலர். பருவத்தின் பெரும்பகுதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுரேஷ் ரெய்னாவின் இடத்தில் கடைசிக் கட்டத்தில் இறங்கி, டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் 63, கொல்கத்தாவுக்கு எதிரான இறுதியில் 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு.

யாரும் நுழையாத கதவு: மிட் சீசன் டிரான்ஸ்ஃபர்

பேஸ்பால் கெடுவுக்கு நேர் நிகரான ஒன்றை ஐபிஎல் 2018-இல் கொண்டுவந்தது. எல்லா அணிகளும் ஏழு ஆட்டங்கள் ஆடியபின், அதுவரை இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரரை இன்னோர் அணி எடுத்துக்கொள்ளலாம் என்றது விதி. முதலில் சர்வதேச ஆட்டம் ஆடாதவர்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு எல்லோருக்கும் விரிந்தது.

2020 அக்டோபரில் இதைப் பயன்படுத்தச் சென்னை சூப்பர் கிங்ஸைவிடப் பொருத்தமான அணி இருந்திருக்க முடியாது. ரெய்னாவும் ஹர்பஜனும் பருவம் தொடங்கும் முன்பே விலகிவிட்டார்கள். இருவருக்கும் மாற்று எடுக்கப்படவில்லை. ஏழு ஆட்டங்களில் இரண்டு வெற்றி. நடுவரிசையில் நின்று ஆட ஓர் இந்திய மட்டையாளர் இல்லை. இன்னொரு பக்கம், வாட்சன், டூ பிளெசி, பிராவோ, சாம் கரன் என்று நான்கு வெளிநாட்டு இடங்களும் நிரம்பியதால், முந்தைய பருவத்தில் 26 விக்கெட்டுடன் ஊதா தொப்பி வாங்கிய இம்ரான் தாஹிர் தண்ணீர் பாட்டில் சுமந்துகொண்டிருந்தார். டெல்லியில் லெக் ஸ்பின்னர் அமித் மிஸ்ரா விரல் காயத்தால் வெளியேறியிருந்தார். அங்கே அஜிங்கிய ரஹானே அப்போதுதான் முதல் ஆட்டம் ஆடியிருந்தார். தாஹிரைக் கொடு, ரஹானேயை வாங்கு: காகிதத்தில் பூட்டும் சாவியும் போல் பொருந்துகிறது. சென்னை சந்தைப் பக்கமே போகவில்லை. ஏழாம் இடத்தில் முடித்து, வரலாற்றில் முதல் தடவையாக பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. தாஹிர் பதினோராவது ஆட்டத்தில் இறக்கப்பட்டார்; அதில் மும்பையிடம் பத்து விக்கெட்டில் தோல்வி. ரஹானேயை இரண்டாண்டு கழித்து 50 லட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து, 2023 கோப்பையை அவர் துணையோடு சென்னை வென்றது தனிக்கதை.

சென்னையைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் மற்ற ஏழு அணிகளும் சும்மாதான் இருந்தன. காரணம் அன்றைய புள்ளிப் பட்டியலிலேயே இருக்கிறது. ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு கடைசியில் கிடந்தது பஞ்சாப். பேஸ்பால் கணக்கில் அது விற்கும் அணி. விலை போகக்கூடிய சரக்கு, அதுவரை ஓர் ஆட்டமும் ஆடாத கிறிஸ் கெயில். பஞ்சாப் விற்கவில்லை. எட்டாவது ஆட்டத்தில் கெயிலை இறக்கியது, அரைசதம் அடித்தார், அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் வென்றது. கடைசியில் அதை வெளியே தள்ளியது, இழக்க ஒன்றுமில்லாத சென்னைதான். அப்போது எட்டில் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போன பதினான்கு ஆட்டப் போட்டியில், பாதி வழியில் நம்பிக்கையை விட்டவர் யாரும் இல்லை. விற்பவர் இல்லாத சந்தையில் கெடு இருந்து என்ன பயன்? 162 ஆட்டம் ஆடும் பேஸ்பாலில் ஜூலை முடிவில் பத்து அணிகளாவது கையைக் கழுவியிருக்கும். தவிர, அங்கே வாங்குபவர் கொடுப்பது வளரும் இளைஞர்களை. இங்கே மூன்றாண்டுக்கு ஒரு மெகா ஏலம் அணியைக் கலைத்துப் போட்டுவிடுவதால், எதிர்காலம் என்ற நாணயமே செல்லாது.

மாற்று வீரர் என்னும் குறுக்கு வழி

ஆகவே ஐபிஎல்லில் பருவத்தின் நடுவே அணியைப் பலப்படுத்த உண்மையில் பயன்படுவது, காயம்பட்டவருக்கு மாற்று எடுக்கும் விதி. 2017-இல் அஸ்வின் காயமடைந்ததால் ரைசிங் புனே அணிக்குப் பதினேழு வயது வாஷிங்டன் சுந்தர் வந்தார். மும்பைக்கு எதிரான தகுதிச் சுற்றில் 16 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். 2025-இல் இந்த மாற்றுக்கான கெடு ஏழாவது ஆட்டத்திலிருந்து பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு நீட்டப்பட்டது. அந்த ஆண்டு குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக 2.20 கோடிக்கு வந்த டெவால்ட் பிரெவிஸ், கடைசி இடத்தில் கிடந்த சென்னைக்கு ஆறு ஆட்டங்களில் 225 ரன் அடித்தார். வேகப்பந்து வீச்சாளர் இடத்தில் மட்டையாளர் வந்தது விதிக்கு உட்பட்டதே.

கோவில்பட்டி வட்டாரம்

இந்தக் கெடுவை உள்ளூரில் தேடினால், தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பூமியில் பெரிய கிரிக்கெட் அணி என்று எதுவும் இல்லை. மாவட்டத்தின் பெயரில் இருந்த டூட்டி பேட்ரியாட்ஸ் 2016-இல் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்று, அடுத்த ஆண்டு இறுதியில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது. பின்னர் உரிமை மாறி அணியே சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. வீரரை அல்ல, ஊரையே மாற்றிக்கொண்ட பரிமாற்றம்.

கோவில்பட்டியின் ஆட்டம் ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குக் கோடையில் ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் வருகின்றன. இந்த நிறுவன ஹாக்கியில் பரிமாற்றமும் இல்லை, கெடுவும் இல்லை. வீரரை இழுக்க ஒரே கருவி வேலை நியமன உத்தரவு. கிடைத்தவர் பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அந்த அணிதான். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் உருவான மாரீஸ்வரனும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பை இந்திய அணியில் ஆடினார்கள். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் மீண்டும் வந்தபின் இவ்வூர்ப் பையன்களுக்கும் விலை என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது.

சுற்றுக் கிராமங்களில் பொங்கலுக்கும், மானாவாரி அறுப்பு முடிந்த கோடையிலும் நடக்கும் கபடி, கிரிக்கெட் டோர்னமென்டுகளில் கெடு வேறு மாதிரி. ஊர் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து ‘கெஸ்ட் பிளேயர்’ இறக்கப் பார்க்கும்; இதைத் தடுக்கத்தான் நோட்டீசிலேயே ஆதார் அட்டை கட்டாயம், முதல் ஆட்டத்தில் கொடுத்த பெயர்ப் பட்டியலே கடைசிவரை என்று அச்சடிக்கிறார்கள். 1922-இல் செயின்ட் லூயிஸ்காரர்கள் கேட்டதும் இதைத்தான்.

தற்போதைய நிலை

2025 நவம்பர் 15 அன்று சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை 18 கோடி சம்பளத்தில் பெற்றது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த மினி ஏலத்தில், சர்வதேச ஆட்டம் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரையும் தலா 14.20 கோடிக்குச் சென்னை எடுத்தது.