ஞெலிகோலும் பஞ்சும்

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனால், முற்றிய சம்பங்கோரைக் கதிர் ஒன்றை ஒடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். விறைப்பாக இருந்த பழுப்புக் கதிர் சட்டென்று பொங்கி, உள்ளங்கை நிறையப் பஞ்சாகிவிடும். தீப்பெட்டி வருவதற்கு முன், பொறியைப் பிடிக்க இப்படிப்பட்ட பஞ்சைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் வீட்டில் அடுப்பு எரிவது கடினம்.

தீ உண்டாக்கும் கருவிக்குப் பழந்தமிழ்ப் பெயர் ஞெலிகோல். ஞெலிதல் என்றால் கடைதல். பின்னால் வந்த ‘தீக்கடைகோல்’ என்ற பெயரிலும் அதே வினைதான். மோரைக் கடைகிற கைதான் தீயையும் கடைந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், ஓர் இடையன் ஞெலிகோலால் தீ உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் குழலுக்குத் துளையிடுகிறான். செம்பரம்பாக்கமும் அதே தொண்டை நாடுதான். புறநானூற்றில் ஔவையார் அதியமானின் அடங்கிய ஆற்றலுக்கு உவமையாக்குவது கூரை இறப்பில் செருகிய ஞெலிகோலை. மழை படாமல், அடுப்புப் புகையில் காய்ந்தே இருக்கும் இடம் அது. காரணத்தோடுதான் அங்கே செருகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெரும்பாணாற்றுப்படையில் அந்தக் கொள்ளிக்கு ஞெகிழி என்று பெயர். ஞண்டு நண்டானதுபோல ஞகரம் நகரமானால் ‘நெகிழி’. இன்று அந்தச் சொல் பிளாஸ்டிக்கைக் குறிக்கிறது. நெகிழ்தல் என்ற வினையிலிருந்து ஆக்கிய பெயர் அது, பொருளால் உறவில்லை. ஆனாலும் ஒரகடம் சாலையில் ‘நெகிழி’ என்ற சொல் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு அந்த இடையன் கைக் கொள்ளி நினைவுக்கு வரும்.

அடுத்து வந்தது சிக்கிமுக்கி. சக்கிமுக்கி என்றும் சொல்வார்கள். பெயரின் வேர் துருக்கியில். அங்கே ‘சக்மக்’ என்றால் தட்டித் தீ எழுப்புவது. இன்று சிகரெட் லைட்டருக்கும் அதே பெயர். இந்தியில் சக்மக், தெலுங்கில் செகுமுகி. கல்லோடு கல்லை உரசித் தீ வந்ததாகப் பலரும் சொல்வார்கள். அப்படி வரும் பொறியில் பெரும்பாலும் சூடு போதாது. கல்லின் கூர் விளிம்பு இரும்பிலிருந்து சீவியெடுக்கும் துணுக்குதான் காற்றில் எரிந்து பொறியாகிறது.

கோலுக்குப் பெயர் உண்டு, கல்லுக்குப் பெயர் உண்டு. பொறியை வாங்கிக்கொள்ளும் பொருளுக்கு மட்டும் பேச்சில் தனிப்பெயர் நிற்கவில்லை. பஞ்சு, நார், சருகு என்று கிடைத்ததன் பெயர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது கூந்தற்பனை மட்டையடியில் படியும் பஞ்சு. ஆனால் ‘தீப் பற்றியது’ என்கிறோமே, அந்தப் பற்றுதல் நடப்பது இங்கேதான்.

எல்லாப் பஞ்சும் பற்றிவிடாது. சம்பங்கோரைப் பஞ்சும் இலவம் பஞ்சும் சுடர் பட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். வெறும் பொறி விழுந்தால் பெரும்பாலும் ஏமாற்றும். அவற்றைக் கொஞ்சம் கருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சிறு துளையிட்ட டப்பாவில் மூடி, புகை நிற்கும்வரை சுட்டால் கரித்துணி கிடைக்கும். வெண்கல் சில்லின் விளிம்பில் அதை வைத்து, உடைந்த அரத்துண்டால் தட்டினேன். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று ஒட்டியது. சுடரில்லை, புகையும் இல்லை. புள்ளி மட்டும் மெல்ல அகன்றது. பனையிலிருந்து எடுத்த பன்னாடையைக் கசக்கிக் குருவிக்கூடு போலச் சுருட்டி, நடுவில் கரித்துணியை வைத்து நீளமாக ஊதினேன். வெள்ளைப் புகை தடித்தது. மூன்றாவது ஊதலில் கூடு கையிலேயே பற்றிக்கொண்டது.