பான்டிங்கின் ராத்தல் கணக்கு

லண்டன் மாநகரின் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் மரச்சாமான் வியாபாரத்தையும் சவ அடக்க ஏற்பாட்டையும் ஒருங்கே நடத்திவந்த பான்டிங் குடும்பத்தார், 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கும், 1830இல் நான்காம் ஜார்ஜுக்கும், 1852இல் வெலிங்டன் பிரபுவுக்கும், 1861இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கும் இறுதி மரியாதைகளைக் குறைவின்றி நிறைவேற்றிக் கொடுத்து, அரண்மனையின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்கள். பிறர் தேகத்தின் நீள அகலங்களை அளப்பதையே ஜீவனமாகக் கொண்ட அக்குடும்பத்து வில்லியம் பான்டிங், தம் தேகத்தின் அகலத்தைக் குறைக்கும் வழி தெரியாமல் பல ஆண்டுகள் தவித்தார் என்பதும், அத்தவிப்பு நீங்கிய விதத்தைச் சிறு பிரசுரமாக எழுதி வெளியிட்டதனாலேயே அவர் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது என்பதும் விசித்திரமே. மன்னர்களை அடக்கம் செய்த கீர்த்தி மங்கிவிட்டது. ரொட்டியைக் குறைத்த கீர்த்தி மங்கவில்லை.

1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, 66 வயதை நெருங்கிக்கொண்டிருந்த பான்டிங்கின் உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 ராத்தல், அதாவது இக்காலக் கணக்கில் 92 கிலோவுக்குச் சற்றே குறைவு. குனிந்து தம் பாதரட்சையின் கயிற்றைக் கட்ட இயலாதவராகவும், முழங்காலும் கணுக்காலும் பாரம் தாங்காமையால் மாடிப்படியில் பின்புறமாகவே மெல்ல இறங்குகிறவராகவும், பொது இடங்களில் ஜனங்கள் செய்யும் பரிகாசத்துக்கு அஞ்சி வெளியே போவதையே குறைத்துக்கொண்டவராகவும் அவர் தம்மைச் சித்திரித்துக்கொள்கிறார். பெருந்தீனியும் சோம்பலும் தமக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை என்று அவர் சாதிப்பதை நாம் நம்பலாம். ஏனெனில் அவர் செய்த பிரயத்தனங்கள் சோம்பேறியின் பிரயத்தனங்கள் அல்ல. தேகப்பயிற்சி நல்லது என்று வைத்தியர் ஒருவர் சொன்னதன் பேரில், விடியற்காலையில் கனத்த படகொன்றில் ஏறி இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தார். தசை வலுப்பெற்றது உண்மையே, அதனினும் அதிகமாகப் பசியும் வலுப்பெற்றது. கடல் நீராடினார், லீமிங்டன், செல்டன்ஹாம், ஹாரோகேட் ஆகிய ஊர்களின் ஊற்று நீரைக் குடித்தார், ஐம்பதுக்குக் குறையாத துருக்கி வெந்நீராவிக் குளியல்களில் வியர்த்து, ஆறு ராத்தல் மட்டுமே இறக்கினார்.

கடைசியில் அவருக்கு விமோசனம் அளித்தவர் பருமனுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்லர் என்பதுதான் இச்சரித்திரத்தின் சுவையான திருப்பம். காது மந்தப்பட்டதனால் ஸோஹோ சதுக்கத்திலிருந்த வில்லியம் ஹார்வி என்னும் காது வைத்தியரிடம் பான்டிங் சென்றார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் பாரிஸில் நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்டிருந்த ஹார்வி, நீரிழிவு நோயாளிக்கு மாவும் சர்க்கரையும் விலக்கத் தக்கவை என்ற கொள்கையையும், கால்நடைகளைக் கொழுக்க வைக்க விரும்புகிறவன் மாவுப் பொருளையே ஊட்டுகிறான் என்ற உலக வழக்கையும் மனத்தில் வைத்து, தம்முன் வந்து நின்றவரின் செவிக் குழலைக் கொழுப்பே நெருக்குகிறது என்று அனுமானித்து, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கும்படி சொன்னார்.

அதுவரை பான்டிங்கின் நித்திய ஆகாரம் இந்த ஆறையும் சுற்றியே நடந்தது. காலையில் ரொட்டியும் பாலும், அல்லது பாலும் சர்க்கரையும் தாராளமாகக் கலந்த தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். மத்தியானத்தில் மாமிசத்தோடு பீரும் நிறைய ரொட்டியும் மாவுப் பலகாரமும். மாலையில் மறுபடி காலையைப் போலவே. இரவில் பழம் வைத்துச் சுட்ட பணியாரம், இல்லையேல் பாலும் ரொட்டியும். புதிய ஏற்பாட்டில், காலையில் நாலைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ சுட்ட மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஒரு அவுன்ஸ் வறட்டு ரொட்டி; மத்தியானத்தில் ஐந்தாறு அவுன்ஸ் மீன் அல்லது இறைச்சி, கிழங்கு நீங்கலாகக் காய்கறி, மீண்டும் ஒரு அவுன்ஸ் ரொட்டி, இரண்டு மூன்று கிண்ணம் திராட்சை மது; மாலையில் இரண்டு மூன்று அவுன்ஸ் பழமும் ஓரிரு ரஸ்க்கும்; இரவில் மூன்று நான்கு அவுன்ஸ் இறைச்சியும் மேலும் ஓரிரு கிண்ணமும்; வேண்டுமாயின் படுக்கைக்குப் போகுமுன் சர்க்கரையில்லாத சாராயம். இந்த மது விஷயத்தில் ஹார்வி காட்டிய தாராளத்தைச் சிகிச்சையோடு சேர்த்து எண்ணவேண்டியதில்லை. அக்கால லண்டன் கனவானின் மேஜையில் அது இருந்தே தீரும்.

நம் கவனத்துக்கு உரியது, இப்பட்டியலில் ரொட்டி அடியோடு மறையவில்லை என்பதே. வேளைக்கு ஒரு அவுன்ஸாகச் சுருங்கி, பழத்தோடும் ரஸ்க்கோடும் மாவுச்சத்து தன் இடத்தில் நிற்கிறது. பின்னால் வந்தவர்கள் பான்டிங்கை வெறும் மாமிச பட்சணியாக வர்ணித்தது அவரைச் சரியாகப் படிக்காததன் விளைவு.

எடை இறங்கிய வேகமும் அதே மிதத்தை உடையது. 1862 ஆகஸ்ட் 26இல் 202 ராத்தலாக இருந்தவர் செப்டம்பர் 7இல் 200 ராத்தலானார். அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கொருமுறை தராசில் நின்று, வணிகருக்கு இயல்பான ஒழுங்கோடு, தேதி போட்டு எழுதிவைத்தார். ஒரு முறை இரண்டு ராத்தல், மறு முறை மூன்று ராத்தல் என்று இறங்கி, சரியாக ஓராண்டு கழித்து 156 ராத்தலில் வந்து நின்றது. மொத்தம் 46 ராத்தல், வாரத்துக்கு ஒரு ராத்தலுக்கும் குறைவு. இடுப்பளவு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. காது தெளிந்தது, படியில் முன்புறமாக இறங்கினார். என் அபிப்பிராயத்தில், பான்டிங் வைத்திய உலகுக்கு அளித்த பெருங்கொடை அந்த ஆகாரப் பட்டியலைக் காட்டிலும் இந்த எடைப் பட்டியலே. முன்பு ஐம்பது குளியலில் ஆறு ராத்தல் இறக்கி ஏமாந்த மனிதர், மூன்று வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்தல் என்ற மந்த கதியைக் கண்டு மனம் சலியாமல் இருந்ததற்கு அந்தக் கணக்கே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1863இல் இவ்வனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதித் தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கினார். பிரதிகள் தீர்ந்தன, மறுபடி அச்சிட்டார், மூன்றாம் பதிப்பு விலைக்கு வந்து பல்லாயிரக்கணக்கில் பரவியது. விஷயம் முற்றிலும் புதிதென்று சொல்வதற்கில்லை. சுவையைப் பற்றிச் சாஸ்திரம் எழுதிய பிரெஞ்சுக்காரர் பிரில்லா ஸவாரேன் 1825இலேயே, பருமனுக்கு மாவுப் பொருளே மூலம் என்று எழுதியிருந்தார். ஆனால் அவர் போஜனப் பிரியர்களுக்காக எழுதினார்; பான்டிங்கோ பாதரட்சை கட்ட முடியாதவர்களுக்காக எழுதினார். வைத்தியர்களின் கோபத்துக்கும் பஞ்சமில்லை. வைத்திய சாஸ்திரத்தில் தலையிடாமல் தம் தொழிலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருள்பட 'லான்செட்' இதழ் அவரைக் கண்டித்தது; அவர் தொழில் இன்னதென்பதை நினைத்துப் பார்த்தால் அவ்வாக்கியத்தில் வைத்தியர்களுக்கே அனுகூலமற்ற ஒரு தொனி இருப்பது புலப்படும்.

1880களில் ஜெர்மானிய வைத்தியர் எப்ஸ்டைன் கொழுப்பைத் தாராளமாகச் சேர்த்து இம்முறையை மாற்றினார். 1972இல் அமெரிக்க வைத்தியர் அட்கின்ஸ் எழுதிய நூல், தொடக்கத்தில் மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கும் கடுமைக்குக் கொண்டுசென்றது. ஒரு அவுன்ஸ் ரொட்டிக்கு இடம் கொடுத்த பழைய நிதானம் இவற்றில் குறைவே. பான்டிங்கோ பிரசுரத்தால் வந்த லாபத்தைத் தாம் தொடாமல் தர்ம ஸ்தாபனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, 1878ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமது 81ஆம் வயதில் காலமானார்.